சிவசமுத்திரத்து மின்னொளியும் சில்வானஸ் தாம்சனும்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு மைசூர் அரண்மனையின் முன்றிலில் கூடும் மக்கள் வெள்ளத்தை அறியாதார் இந்நகரில் இலர். இருள் கவியத் தொடங்கும் அவ்வேளையில், இலட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையுடைய விளக்குகள் ஓர் இமைப்பொழுதில் ஒருங்கே சுடர்விட, மாடமும் கோபுரமும் வளைவும் பொன்கோட்டால் வரைந்தாற்போல் எழுந்து நிற்கும். பன்முறை கண்டவனாயினும் அந்நொடியில் நானும் வாயடைத்துப் போவதுண்டு.

ஒரு கோடை விடுமுறையில் தஞ்சையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், விளக்குகள் எரிந்ததும் என் மகளைப் பார்த்து, “இந்த மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் யார், சொல் பார்ப்போம்” என்றார். “எடிசன், மாமா” என்றாள் அவள். “இல்லையம்மா, ஃபாரடே” என்று திருத்தினார் அவர். எங்கள் பேச்சைச் செவிமடுத்துக்கொண்டு அருகில் நின்ற மைசூர்ப் பெரியவர் ஒருவர், கன்னடத்தில், “சேஷாத்ரி ஐயர்” என்றார். அனைவரும் சிரித்துவிட்டோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை விடவில்லை. ஒரு பொறியை ஆக்கியவர் யார் என்று எவ்வாறு துணிவது? அதனை எழுதத் தக்கவர் யார்?

பெரியவர் கூறியதிலும் நியாயம் உண்டு. பாலக்காட்டுப் பகுதியில் 1845 இல் பிறந்து, 1883 முதல் 1901 வரை மைசூர் அரசின் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில்தான், சிவசமுத்திரத்தில் காவிரி வீழும் வேகத்தை மின்னாற்றலாக்கும் திட்டம் உருப்பெற்றது. ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஜோலி டி லோட்பினியர் என்னும் பொறியாளர் அதற்கு வடிவம் தந்தார். மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனத்திடமிருந்தும் கப்பலேறி வந்தன. சாலையும் சரியில்லாத அக்காலத்தில் யானைகளும் மாட்டு வண்டிகளுமே அவற்றை ஆற்றங்கரை சேர்த்தன. 1902 ஜூன் 30 அன்று, 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்னாற்றல் பாய்ந்தது. அதனைக் காணச் சேஷாத்ரி ஐயர் உயிரோடில்லை. முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே மறைந்துவிட்டார். பெங்களூர்த் தெருக்களில் 1905 ஆகஸ்டிலும், மைசூர் நகரில் 1908 இலும் மின்விளக்கு எரிந்தது. முதலில் தங்கம், பிறகு தலைநகரம், அதன்பின் அரசரின் நகரம் என்று ஒளி பரவிய வரிசை, அந்நாளைய கருவூலத்தின் மனப்போக்கையும் காட்டுகிறது.

சிவசமுத்திரத்தில் பிறந்தது மாறுதிசை மின்னோட்டம்; அதிலும் மும்முனை மின்னோட்டம். அதன் பிறப்பு வரலாற்றை, அத்தகைய பொறிகள் மைசூருக்கு வந்து சேர்வதற்கு ஏழாண்டு முன்பே, மாணவர்க்கு விளங்குமாறு நூலாக எழுதி வைத்தவர் ஒரு பேராசிரியர். அவர் பெயர் சில்வானஸ் பிலிப்ஸ் தாம்சன். கெல்வின் பிரபுவாகிய வில்லியம் தாம்சன் வேறு. எலக்ட்ரானைக் கண்ட ஜே. ஜே. தாம்சன் வேறு. மூவரும் ஒரே காலத்தினர் ஆதலின் மயங்குவார் பலர்.

சில்வானஸ் தாம்சன் 1851 இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், குவேக்கர் சமயக் குடும்பமொன்றில் தோன்றினார். பிரிஸ்டல் பல்கலைக் கல்லூரியில் ஆசிரியராகிப் பேராசிரியராக உயர்ந்தார். 1885 இல் இலண்டனின் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வரும் பேராசிரியருமாகி, 1916 இல் இறக்கும் வரை அங்கேயே பணி செய்தார். பகலில் பட்டறையில் உழைத்துவிட்டு மாலையில் கற்க வந்த தொழிலாளர்க்கும் கதவு திறந்திருந்த கல்லூரி அது. கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டை அடுத்த அறையில் இரும்பிலும் செம்பிலும் காட்டவேண்டிய கடமை அங்கிருந்தோர்க்கு இருந்தது. தாம்சனின் உரைநடை தெளிந்து ஓடுவதற்கு அம்மாணவர்களே காரணம் என்பது என் துணிபு. புரியாவிட்டால் தலையசைத்துப் போகும் கூட்டமாக அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

1884 இல் அவர் வெளியிட்ட டைனமோப் பொறிகள் பற்றிய நூல் மின்பொறியாளர் கையில் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. அதில் ஒரு புதுமை உண்டு. பொறியின் இலக்கணத்தைக் கூறுவதோடு நில்லாமல், அதன் குலமுறையையும் அவர் கிளத்தினார். 1895 இல் வெளிவந்த பன்முனை மின்னோட்டம் பற்றிய நூலிலும் அவ்வாறே செய்தார். சிவசமுத்திரத்திற்கு வழி காட்டும் கதை இந்நூலில்தான் இருக்கிறது; சற்று விரிவாகவே காண்போம்.

1824 இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ, சுழலும் செப்புத் தகட்டின் மேல் தொங்கவிட்ட காந்த ஊசி, தகட்டைத் தொடாமலே அதனோடு சேர்ந்து சுழல்வதைக் கண்டார். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம் ஆதலின் அனைவரும் திகைத்தனர். காந்தம் நகரும்போது செம்பினுள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது என்று 1831 இல் ஃபாரடே முடிச்சை அவிழ்த்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் அது வகுப்பறை வேடிக்கையாகவே இருந்தது. 1879 இல் வால்டர் பெய்லி என்பவர் இலண்டன் இயற்பியல் கழகத்தார் முன் ஒரு சிறு கருவியைக் கொணர்ந்து வைத்தார். நான்கு மின்காந்தங்கள், அவற்றின் மேல் ஒரு செப்புத் தகடு. கையால் திருப்பும் ஒரு மாற்றியின் வழியே அக்காந்தங்களின் முனைகளை முறையாக மாற்றிக்கொண்டே போனார். காந்தங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, தகடு மட்டும் சுழன்றது. எந்தப் பொருளும் சுழலாமல் காந்தப் புலம் மட்டும் சுழலக்கூடும் என்பதை அன்று அவ்வறையில் இருந்தோர் கண்ணாலேயே கண்டனர். கண்டு என்ன செய்தனர்? நல்ல விளையாட்டு என்று எண்ணிக் கலைந்துவிட்டனர் போலும்.

இத்தாலியின் ஃபெராரிஸ் 1885 இல் இதே கருத்தைத் தம் போக்கில் கண்டு 1888 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் டெஸ்லா அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1891 இல் ஜெர்மனியில், நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள லாஃபன் என்னும் ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்பர்ட் பொருட்காட்சிக்கு மும்முனை மின்னோட்டம் கம்பி வழியே சென்று சேர்ந்தது. அழுத்தத்தை உயர்த்தினால் அதே ஆற்றலுக்கு ஓட்டம் குறையும். ஓட்டம் பாதியானால் கம்பியில் வெப்பமாகி வீணாவது நான்கில் ஒன்றாகும். இந்த எளிய கணக்கே நெடுந்தொலைவைச் சுருக்கியது. பதினோராண்டு கழித்துக் காவிரியின் ஆற்றல் 30,000 வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்தில் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் சேர்ந்ததும் அக்கணக்கினாலேயே.

பெய்லியின் பெயரை மறக்கவிடாமல் மின்பொறி வரலாற்றில் இருத்தியதில் தாம்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. பெய்லியின் கருவி எதற்கும் உதவாத பொம்மை. அதனைக் கொண்டு ஒரு மாவரைக்கும் கல்லைக்கூடச் சுழற்ற இயலாது. வணிக வெற்றியை அளவுகோலாகக் கொள்ளும் வரலாற்றாசிரியர் அதனைக் கடந்து போயிருப்பார். காந்தச் சுருளைத் தம் கையால் சுற்றிப் பழகிய தாம்சனுக்கோ, பொம்மைக்கும் பொறிக்கும் இடையே எது புதிது, எது வெறும் பெருக்கம் என்பது தெரிந்தது.

மறக்கப்பட்டவரைத் தேடிச் செல்வது அவருக்கு இயல்பாகவே அமைந்துவிட்டது. மின்காந்தம் பற்றிய நூலில், அதனை 1825 இல் முதலில் செய்து காட்டிய வில்லியம் ஸ்டர்ஜனின் வாழ்க்கையை எழுதிச் சேர்த்தார். ஸ்டர்ஜன் செருப்புத் தைக்கக் கற்றவர். பின்னர்ப் பீரங்கிப் படையில் சிப்பாய். இரவில் தாமே படித்து அறிவியல் அறிஞரானவர். 1850 இல் வறுமையில் இறந்தவர். இன்று வீட்டு வாசலில் அடிக்கும் மின்மணி முதல் துறைமுகத்தில் இரும்பு தூக்கும் பொறி வரை அவருடைய வளைந்த இரும்புத் துண்டின் வழித்தோன்றல்களே.

அவ்வாறு அவர் எழுதியவற்றுள் பெரும்பூசல் விளைத்தது, 1883 இல் வெளிவந்த பிலிப் ரைஸ் வரலாறு. தொலைபேசியைக் கண்டவர் கிரகாம் பெல் என்று உலகம் ஒப்பி ஏழாண்டுகூட ஆகவில்லை. அப்போது தாம்சன், அதனைக் கண்டவர் ரைஸ் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் என்று நூலின் தலைப்பிலேயே எழுதினார். ரைஸ் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகன். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். பிராங்க்பர்ட்டுக்கு அருகிலுள்ள ஃப்ரீட்ரிக்ஸ்டார்ஃப் என்னும் சிற்றூரில் கற்பித்துக்கொண்டே ஒரு கருவியை அமைத்து, 1861 அக்டோபரில் பிராங்க்பர்ட் இயற்பியல் கழகத்தில் காட்டினார். புகழ் பெற்ற அறிவியல் இதழொன்று அவர் கட்டுரையை ஏற்கவில்லை. 1874 இல், நாற்பது வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. பெல் காப்புரிமை பெற்றது அதற்கு இரண்டாண்டுக்குப் பின்.

தாம்சன் இதனை எழுதிய முறை நம் கவனத்திற்குரியது. ரைஸின் கட்டுரைகளைத் தேடி மொழிபெயர்த்தார். எஞ்சியிருந்த கருவிகளை ஆராய்ந்து படம் வரைந்தார். ரைஸின் நண்பர், உடன் பணியாற்றியோர், மாணவர் ஆகியோரில் உயிரோடிருந்தவர்களைக் கண்டறிந்து, அக்கருவியில் தாம் என்ன கேட்டனர் என்பதை அவரவர் வாய்மொழியாகவே பெற்று நூலில் சேர்த்தார். முன்கூட்டி ஊகிக்க இயலாதபடி பொருளற்ற வேடிக்கைத் தொடர்களைச் சொல்லிச் சோதித்தனர் என்ற செய்தியும் நமக்குக் கிடைக்கிறது. ஆவணக் காப்பகத்தில் அமர்ந்திருந்தால் இவை கிட்டியிரா.

எனினும் வழக்கு அத்துணை எளிதன்று. ரைஸின் கருவியில் ஒலி அதிரும்போதெல்லாம் ஒரு தொடர்பு கூடியும் பிரிந்தும் மின்னோட்டத்தை அறுக்கிறது. அவ்வாறு முற்றும் அறுத்தால் இசையின் சுருதி மறுமுனைக்குச் செல்லும். பேச்சின் குழைவு செல்லாது. பேச்சுக்கு மின்னோட்டம் அறுபடாமல் அலைபோல் ஏறி இறங்க வேண்டும். பெல்லின் உரிமை அதன்மேல் நின்றது. மெல்லப் பேசினால் தொடர்பு முற்றும் பிரியாமல் நெகிழ்ந்து மட்டும் நிற்கும், ஆதலின் ரைஸின் கருவியும் பேசியது என்பது தாம்சனின் வாதம். அமெரிக்க நீதிமன்றங்கள் இதனை ஏற்கவில்லை. 1888 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெல்லின் பக்கமே தீர்ப்பளித்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெல்லின் காப்புரிமைக்கு உட்படாத தொலைபேசியொன்றை அமைக்கத் தாம்சன் தாமும் முயன்ற காலம் அது. ரைஸ் முதல்வரானால் பெல்லின் உரிமை தளரும். தளர்ந்தால் தாம்சனுக்கும் வழி திறக்கும். பொறியைச் செய்பவரே அதன் வரலாற்றையும் எழுதும்போது நேரும் இடர்ப்பாடு இது. கை பழகியவருக்குக் கண் கூர்மை. ஆனால் அக்கையே சில வேளை துலாக்கோலின் ஒரு தட்டில் வந்து அமர்ந்துவிடுகிறது. அவர் பொய் எழுதினார் என்று நான் கருதவில்லை. சாட்சிகளை முழுமையாக அச்சிட்டு வைத்ததனால், அவர் முடிவை மறுப்பவரும் அவர் நூலைக் கொண்டே மறுக்க முடிகிறது. வழக்கறிஞர்கள் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை.

முன்னுரிமைப் பூசலை இவ்வளவு நுணுகி எழுதியவருக்கே ஒரு முன்னுரிமை நழுவியதுதான் விந்தை. 1896 பிப்ரவரியில், மறைத்து வைத்த ஒளிப்படத் தகட்டின் மேல் யுரேனிய உப்பை வைத்தபோது, தகட்டில் தடம் பதிவதைத் தாம்சன் கண்டார். முதியவரான பேராசிரியர் ஸ்டோக்ஸுக்கு மடல் எழுதினார். உடனே வெளியிடுக என்று ஊக்கிய ஸ்டோக்ஸே, அடுத்து, பாரிசில் பெக்கரல் என்பவர் முந்திவிட்டார் என்ற செய்தியையும் அறிவிக்க நேர்ந்தது. சில நாள் இடைவெளி! கதிரியக்கத்தின் தந்தை என்ற புகழ் பெக்கரலுக்குச் சென்றது. தாம்சன் பூசலிடவில்லை.

ஃபாரடேயின் வாழ்க்கையை 1898 இலும், கெல்வினின் வாழ்க்கையை 1910 இல் இரு பெருந்தொகுதிகளாகவும் எழுதினார். காந்தம் பற்றி வில்லியம் கில்பர்ட் இலத்தீனில் எழுதிய 1600 ஆம் ஆண்டு நூலை, அதன் முந்நூறாம் ஆண்டில், நண்பர்களுடன் சேர்ந்து ஆங்கிலமாக்கி, பழைய அச்சின் தோற்றம் மாறாமல் 250 படிகளே அச்சிட்டார். இவற்றை விரித்தால் மலர்க் குழுவினர் என்னைக் கடிந்துகொள்வர்.

ஆனால் ஒரு சிறு நூலைச் சொல்லாமல் விட மனமில்லை. நுண்கணிதத்தை எளிமையாக்கி 1910 இல் ‘கால்குலஸ் மேட் ஈஸி’ என்னும் நூலைத் தம் பெயர் இல்லாமல் வெளியிட்டார். அவர் இறந்த பின்னரே ஆசிரியர் இன்னார் என்பது வெளிப்பட்டது. கணிதப் பேராசிரியர்கள் வேண்டுமென்றே கடினமாக்கி வைத்திருக்கும் ஒன்றை எவரும் கற்கலாம் என்பது அதன் துணிச்சல். பி.யு.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் அதனைக் கொண்டு என்னையும் பக்கத்தில் அமர்த்திக் கற்பித்தாள். வரலாற்றில் பி.ஏ. பெற்று, அலுவலகத்தில் கூட்டலும் விழுக்காடும் அன்றி வேறு கணக்கு அறியாத எனக்கு, நாற்பத்தைந்து வயதில், ஒரு வளைகோட்டின் சரிவு என்பது இன்னதென்று விளங்கியது. நூறாண்டுக்கு முன்பு மறைந்த அம்மனிதர்பால் நான் கொண்ட நன்றி அங்கே தொடங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் நாட்டிலும் இம்மரபு இல்லாமற் போகவில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1911 இல் பாடம் தொடங்கியபோதே மின்தொழில்நுட்பம் ஒரு துறையாக இருந்தது. அந்நிறுவனத்தின் மின்பொறியியல் பேராசிரியராயிருந்த டி. பி. சென்குப்தா, வேறிருவருடன் சேர்ந்து, ஜகதீச சந்திர போஸ் பற்றிய நூலொன்றை 2009 இல் வெளியிட்டார். அதற்கு முன் 1998 இல், புரோபீர் பந்தோபாத்யாயா என்னும் மின்பொறி அறிஞர், 1901 இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடந்த குறியொலியைக் கேட்கப் பயன்படுத்திய பாதரச உணரி, போஸ் 1899 இல் வெளியிட்ட கருவியே என்று ஆவணங்களால் நிறுவினார். தாம்சன் ரைஸுக்குச் செய்ய முயன்றதை இவர்கள் போஸுக்குச் செய்தனர். கருவியின் உள்ளமைப்பை அறிந்தவரே இதனைச் செய்ய முடிந்தது.

சிவசமுத்திரத்திற்கு அத்தகையவர் வாய்க்கவேண்டும். திவான், பொறியாளர், இரு வெளிநாட்டு நிறுவனங்கள், யானைகள் என்பதோடு வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு முடிந்துவிடுகிறது. யானைக்குக் கிடைத்த ஒரு வரி, காட்டிலும் பாறையிலும் 92 மைலுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. தங்கவயலில் நிலத்தின் அடியில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். அச்சுரங்கங்களும் 2001 இல் மூடப்பட்டுவிட்டன.

என் அலுவலகத்தில் தங்கவயலைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். மைத்துனரின் வினாவை அவரிடம் ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தம் தந்தையின் பாட்டனார் சுரங்கத்திற்குப் போகுமுன் கம்பம் தூக்கும் கூலியாக இருந்தவர் என்றும், முதல் நாள் மின்விளக்கு எரிந்தபோது கூடியிருந்தவர் என்ன செய்தனர் என்று ஒரு கதை தம் வீட்டில் வழங்குகிறதென்றும் கூறினார். கதை என்ன என்று கேட்டேன். “எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் சார். அம்மாவுக்குத்தான் முழுவதும் தெரியும்” என்றார்.

அவருடைய தாயாருக்கு எண்பத்தாறு வயது. ராபர்ட்சன்பேட்டையில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். காது சற்று மந்தம். நினைவு தெளிவு என்று கேள்வி. வரும் இரண்டாம் சனிக்கிழமை காலை வண்டிக்கு நண்பரும் நானும் புறப்படுகிறோம். என் மகளும் வருவதாகச் சொல்லி, ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் தேதியை எழுதி வைத்திருக்கிறாள்.